படத்தைப் பகிருமுன் ஜன்னலுக்கு வெளியே பாருங்கள்

சிங்கப்பூரில் இன்று 31 டிகிரியா, 32 டிகிரியா என்று யாரும் வாதாடி நான் கேட்டதில்லை. இரண்டுமே நமக்கு வெக்கைதான். நம் நாட்டில் பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலை ஏறத்தாழ 19 டிகிரி செல்சியஸ். ஆக அதிகம் 37 டிகிரி. 1983 ஏப்ரலில் தெங்காவிலும் 2023 மே மாதத்தில் அங் மோ கியோவிலும் பதிவானது. இத்தனை ஆண்டுப் பதிவுகளில் இரண்டு எல்லைகளுக்கும் இடையே ஏறத்தாழ 18 டிகிரிதான்.

அதனால்தான், ஒரு டிகிரிக்காக நான்கு பேர் முக்கால் மணி நேரம் வாதாடியதை முதன்முறை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் 2025 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் உள்ள பீட்டர்பரோ நகரில் படித்தேன். அங்கே என்னுடன் தங்கியிருந்த தோழி புவியியல் மாணவி. சனிக்கிழமை காலைகளில் அவள் ஒரு காப்பிக்கடைக்குப் போவாள். அங்கே மூவர் காத்திருப்பார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர். இன்னொருவர் மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் தாதி. மூன்றாமவர் மேப்பிள் மரப் பாகு காய்ச்சும் குடும்பத்தைச் சேர்ந்தவர். நால்வருக்கும் பொதுவான ஒன்றே ஒன்று, வானிலைப் பைத்தியம். குளிரில் தனியாக வீட்டில் இருக்கப் பிடிக்காமல் நானும் அவளுடன் போகத் தொடங்கினேன்.

“எங்கள் வீட்டுப் பின்புறத்தில் காலை ஏழு மணிக்கு மைனஸ் 1.” “ஆற்றோரத்தில் பூஜ்யம்.” “ஆனால் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறதே, இறங்கும்.” இப்படித்தான் அவர்கள் பேச்சு இருக்கும். வேலையற்ற பேச்சு என்று நினைத்தேன். இரண்டு மாதங்களுக்குப் பிறகு அந்தப் பேச்சை நான் ஒழுங்காகக் கேட்டிருந்தால் என் சித்தியும் சித்தப்பாவும் ஆபத்தில் சிக்கியிருக்க மாட்டார்கள்.

வானிலை ஆர்வலர்களின் பேச்சை நாம் அலட்சியப்படுத்தக்கூடாது என்பது என் கருத்து. அவர்கள் முன்கூட்டியே கணிப்பதில் கெட்டிக்காரர்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கண்ணால் கண்டது, கணித்தது, ஆசைப்பட்டது ஆகிய மூன்றையும் கலக்காமல் பேச அவர்கள் பழகியிருக்கிறார்கள். கைப்பேசியில் வருவதையெல்லாம் அடுத்த நொடியே பகிரும் என் தலைமுறைக்கு அந்தப் பழக்கம் அவசரமாகத் தேவைப்படுகிறது.

ஒரு டிகிரி ஏன் முக்கியம்?

முதலில், அவர்கள் எதற்காக ஒரு டிகிரியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கே இது அந்த மேசையில்தான் புரிந்தது.

குளிர்நாடுகளில் மேகத்திலிருந்து பெரும்பாலும் பனியாகத்தான் புறப்படுகிறது. வரும் வழியில் வெதுவெதுப்பான காற்றடுக்கு ஒன்று இருந்தால் அந்தப் பனி உருகி மழைத்துளியாகிவிடும். அதற்குக் கீழே, தரையை ஒட்டி, பூஜ்யத்துக்கும் குறைவான குளிர்காற்று படிந்திருந்தால்தான் சிக்கல். அந்தக் குளிர்ந்த அடுக்கு தடிமனாக இருந்தால் துளிகள் விழும்போதே உறைந்து சிறு பனிக்கட்டி மணிகளாகக் கொட்டும். வழுக்கும் என்றாலும் பெருக்கித் தள்ளிவிடலாம். மெல்லியதாக இருந்தால் துளிகளுக்கு உறைய நேரம் இருக்காது. பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்தும் நீராகவே இறங்கி, மரக்கிளை, மின்கம்பி, சாலை, படிக்கட்டு என எதைத் தொட்டாலும் அந்த இடத்திலேயே கண்ணாடிபோல் உறைந்துவிடும். இதுதான் உறைமழை. மணிக்கணக்கில் நீடித்தால் அது உறைமழைப் புயல்.

பார்வைக்கு அது சாதாரண மழைதான். காலடியில் வெப்பநிலை 1 டிகிரி என்றால் குடையுடன் நடந்து போகலாம். மைனஸ் 1 என்றால் நடக்கவே முடியாது. அரை அங்குலத் தடிப்புக்கு ஐஸ் படிந்தால் ஒரு மின்கம்பியில் கூடுதலாக ஏறும் பாரம் சுமார் 500 பவுண்டு, அதாவது 225 கிலோகிராமுக்கு மேல்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. நீர் உறையும்போது வெப்பத்தை வெளியிடும். ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 80 கலோரி. அதனால் உறைமழை பெய்யப் பெய்ய, தரையோரக் காற்று மெல்லச் சூடேறிப் பூஜ்யத்தை நெருங்கும். தானாகவே அது வெறும் மழையாக மாறி ஓய்ந்துவிடலாம். ஆனால் வறண்ட குளிர்காற்று விடாமல் வந்துகொண்டிருந்தால் ஓயாது. அதனால்தான் அந்த ஓட்டுநர் வெப்பநிலையைவிடக் காற்றின் திசையையும் வறட்சியையும் கவனிப்பார். காற்று வறண்டிருந்தால் 2 டிகிரியில் தொடங்கும் மழைகூட ஆவியாகும்போது காற்றைக் குளிர்வித்துப் பூஜ்யத்துக்கு இறக்கிவிடும். இதைக் கணிக்க அவர் பார்ப்பது ஈரக்குமிழ் வெப்பநிலை.

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குச் சிங்கப்பூர் நினைவு வந்தது. 2023 ஜூலையில் நம் நாட்டில் அறிமுகமான வெப்ப அழுத்த ஆலோசனைக்கும் ஈரக்குமிழ் அளவீடுதான் அடிப்படை. தேசிய சேவையில் இருந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நாம் வியர்வை காயுமா என்று பார்க்கிறோம், அவர்கள் மழை உறையுமா என்று பார்க்கிறார்கள்.

நான் பகிர்ந்த படம்

பிப்ரவரி தொடக்கத்தில் இணையத்தில் ஒரு வரைபடம் கண்ணில் பட்டது. அடுத்த வாரம் தென் ஒன்டாரியோ முழுவதும் கருஞ்சிவப்பு. பயங்கரமான உறைமழைப் புயல் வருகிறது என்று யாரோ எழுதியிருந்தார். அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். “சித்தி, வெளியே போகாதீங்க!” என்று மூன்று ஆச்சரியக்குறிகளுடன்.

என் சித்தி சிங்கப்பூரில் பிறந்தவர். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சித்தப்பாவை மணந்து டொரொன்டோவின் ஸ்கார்பரோ வட்டாரத்தில் பல ஆண்டுகளாக வாழ்கிறார். அந்த வாரயிறுதியில் அவர்கள் வீட்டில் பேரனின் பிறந்தநாள் விருந்து. என் படத்தைப் பார்த்து விருந்தைத் தள்ளிவைத்தார்கள். மண்டபத்துக்குக் கட்டிய முன்பணம் போயிற்று. அந்த நாளில் வந்ததோ கொஞ்சம் பனியும் நல்ல வெயிலும்தான்.

அடுத்த சனிக்கிழமை மேசையில் இதைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. என் தோழி அந்தப் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்டாள். இது எந்த நாள் கணக்கிட்டது? எத்தனை நாள் கழித்து வருவதைக் காட்டுகிறது? மற்றக் கணிப்புகள் என்ன சொல்லின? மூன்றுக்கும் எனக்கு விடை தெரியவில்லை.

கணினிகள் வானிலையை ஒரே ஒரு தடவை கணக்கிடுவதில்லை. தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றிப் பல முறை கணக்கிடுகின்றன. பல முடிவுகளும் ஒத்துப்போனால் நம்பிக்கை கூடும். சிதறினால் குறையும். ஏழெட்டு நாள் கழித்து வரக்கூடியதைக் காட்டும் ஒற்றைப் படம் பல சாத்தியங்களில் ஒன்றுதான். நான் பகிர்ந்தது அந்தக் கூட்டத்திலேயே ஆக மோசமான ஒன்று. அதனால்தான் யாரோ அதைத் தேர்ந்தெடுத்துப் போட்டிருந்தார். சாதுவான படத்தை யார் பகிர்வார்?

அப்போதுதான் ஓட்டுநர் தம் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு பத்திகள். தாம் அளந்தது, அரசாங்க வானிலைத் துறை சொன்னது, தாம் நினைத்தது, கடைசியில் உண்மையில் நடந்தது. மூன்றாவது பத்தியில் எப்போதும் விழுக்காடு இருக்கும். “உறைமழை 60, வெறும் மழை 30, ஒன்றுமில்லை 10” என்பதுபோல. நான்காவது பத்தியில், தாம் தவறிய நாள்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார். வட்டங்கள் நிறைய இருந்தன. தம் தவற்றுக்குத் தாமே கணக்கு வைக்கும் ஒருவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

மார்ச் மாத இறுதியில்

மார்ச் மாதம் முடியப்போகிறது, குளிர்காலம் ஓய்ந்துவிட்டது என்று ஊரே நினைத்த நேரம். மேப்பிள் மரங்களில் சாறு இறங்கத் தொடங்கியிருந்தது. மார்ச் 28ஆம் தேதி வெள்ளிக்கிழமை நால்வரும் வழக்கத்துக்கு மாறாக மாலையிலேயே கூடினார்கள். வானிலைத் துறையின் எச்சரிக்கை வெளிவந்திருந்தது. கணிப்புகள் ஒத்துப்போயின. காற்று வடகிழக்கு. ஓட்டுநர் தம் நோட்டில் 85 என்று எழுதினார். அவ்வளவு பெரிய எண்ணை அவர் எழுதி நான் பார்த்ததில்லை.

மறுநாள் சித்தியும் சித்தப்பாவும் என்னைப் பார்க்க வருவதாக இருந்தது. உடனே அழைத்தேன். வர வேண்டாம் என்றேன். சித்தப்பா சிரித்தார்.

“போன முறையும் நீ இப்பிடித்தானே பிள்ளை சொன்னனீ? உன்ர படத்தை நம்பி விருந்தைத் தள்ளிவைச்சனாங்கள். வெயில் எறிச்சது.”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இம்முறை நான் சொன்னது பொறுப்பான தகவல். ஆனால் சொன்ன வாய் பழைய வாய். என் வார்த்தையின் மதிப்பை பிப்ரவரியிலேயே நான் செலவழித்துவிட்டிருந்தேன்.

இத்தனைக்கும் அவர்கள் உறைமழை அறியாதவர்கள் அல்லர். 2013ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்குச் சில நாள்களுக்கு முன் டொரொன்டோவைத் தாக்கிய புயலில் அந்நகரில் மட்டும் சுமார் 300,000 மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. சித்தி வீட்டிலும் பல நாள் இருட்டு. அனுபவம் இருந்தும் அவர்கள் கிளம்பினார்கள் என்றால், அதற்குக் காரணம் என் ஒற்றைப் படம்.

சனிக்கிழமை பிற்பகல் ஸ்கார்பரோவில் வெறும் மழை. வடக்கே வர வர, காரின் வெப்பநிலைக் காட்டியில் 2, 1, 0 என்று எண் இறங்கியதைச் சித்தி பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். மைனஸ் 1 காட்டிய சில நிமிடங்களில், நெடுஞ்சாலை வளைவு ஒன்றில் கார் பாதி வட்டம் சுற்றிச் சாலையோரப் பனிமேட்டில் போய் நின்றது. எதிரே வாகனம் எதுவும் வரவில்லை. அவ்வளவுதான் அதிர்ஷ்டம். உப்புத் தூவும் லாரி ஒன்றின் பின்னால் ஊர்ந்து, ஒன்றரை மணி நேரப் பயணத்தை ஐந்து மணி நேரத்தில் முடித்து, இரவு என் வீட்டு வாசலில் இறங்கினார்கள். சித்தியின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றிரவு முழுவதும் மரக்கிளைகள் துப்பாக்கி வெடிப்பதுபோல் முறிந்தன. ஞாயிறு விடிவதற்குள் மின்சாரம் போயிற்று. வீட்டுச் சூடேற்றி எரிவாயுவில்தான் ஓடியது. ஆனால் சூடான காற்றைத் தள்ளும் விசிறிக்கு மின்சாரம் வேண்டுமே! வீட்டுக்குள் குளிர் ஏறியது. தேநீர் போட, பின்கட்டில் இருந்த கரி அடுப்பைச் சமையலறைக்குள் கொண்டுவரலாமா என்று சித்தப்பா கேட்டார். கூடாது என்று என் தோழி கத்தியே விட்டாள். மூடிய வீட்டுக்குள் கரி எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. உறைமழைப் புயல்களில் விழும் மரத்தைப்போலவே இதுவும் உயிரைப் பறிக்கிறது. 2013இல் டொரொன்டோவிலும் இப்படித்தான் பலர் பாதிக்கப்பட்டனர்.

எங்களுக்கு மின்சாரம் வர நான்கு நாள் ஆனது. அருகிலுள்ள ஒரிலியா நகரம் அவசரநிலையை அறிவித்தது. அந்தப் புயலுக்குப் பிறகு ஒரு மில்லியனுக்கும் அதிகமான வாடிக்கையாளர்களுக்கு மின்சாரத்தை மீட்டுக் கொடுத்ததாக ஹைட்ரோ ஒன் நிறுவனம் தெரிவித்தது.

துணைக்கோளம் இருக்கும்போது இவர்கள் எதற்கு?

இந்தக் கேள்வியை நான் அவர்களிடமே கேட்டேன். ரேடார், துணைக்கோளம், மீத்திறன் கணினி எல்லாம் இருக்கும்போது காப்பிக்கடையில் உட்கார்ந்து தெர்மோமீட்டரைப் பற்றிப் பேசி என்ன பயன்?

பூமி உருண்டை என்பதால், ரேடாரின் அலை தூரம் செல்லச் செல்லத் தரையைவிட்டு உயர்ந்துகொண்டே போகிறது. மேலே மழை இருக்கிறது என்று அது காட்டும். ஆனால் கடைசிச் சில நூறு மீட்டரில் அந்த மழை உறைகிறதா, மணியாகிறதா, நீராகவே விழுகிறதா என்பதை அதனால் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. உறைமழை என்ற ஆபத்து உருவாவதோ அந்தக் கடைசிச் சில நூறு மீட்டரில்தான். அதற்கு ஜன்னலருகே ஒரு மனிதர் வேண்டும்.

இதற்காகவே அமெரிக்காவின் தேசியக் கடும்புயல் ஆய்வுக்கூடமும் ஓக்லஹோமா பல்கலைக்கழகமும் சேர்ந்து 2012 டிசம்பரில் எம்பிங் என்ற செயலியை வெளியிட்டன. இப்போது என் வீட்டுக்கு வெளியே விழுவது மழையா, பனியா, உறைமழையா என்று யார் வேண்டுமானாலும் ஒரு பொத்தானை அழுத்திச் சொல்லலாம். அமெரிக்காவின் கொலராடோவில் 1997 ஜூலையில் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் பெருமழை கொட்டி ஐவர் மாண்டனர். ஒரே நகருக்குள் ஒரு பக்கம் வெள்ளம், இன்னொரு பக்கம் அவ்வளவாக மழையில்லை. அந்தப் படிப்பினையால் அடுத்த ஆண்டே அங்கு தொடங்கியதுதான் கோக்கோராஸ் என்ற தன்னார்வலர் மழையளவைக் கட்டமைப்பு. அது பின்னர் கனடாவுக்கும் பரவியது. எங்கள் ஓட்டுநர் அதில் ஓர் உறுப்பினர். தினமும் காலை ஏழு மணிக்குத் தோட்டத்தில் இருக்கும் மழைமானியைப் பார்த்து எண்ணை அனுப்புவார். மழை இல்லாத நாளிலும் பூஜ்யம் என்று அனுப்புவார். பூஜ்யமும் ஒரு தகவல்தான் என்பார்.

விரும்பலாமா?

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வானிலை ஆர்வலர்களில் பலருக்குப் புயல் வர வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. என் தோழிக்கு இருந்தது. புயல் திசைமாறிப் போனால் அவள் முகம் வாடிவிடும். ஆசை கண்ணை மறைக்கும்போது, ஆக மோசமான படத்தையே பிடித்துக்கொண்டு அதுதான் நடக்கும் என்று பேசத் தோன்றும். பிப்ரவரியில் நான் பார்த்த படமும் அப்படிப்பட்ட ஒருவரின் ஆசையில் பிறந்ததாக இருக்கலாம்.

அவளிடம் ஓட்டுநர் ஒரு முறை 1998 ஜனவரியைப் பற்றிச் சொன்னார். ஏறத்தாழ ஒரு வாரம் விட்டுவிட்டுப் பெய்த உறைமழை. ஒட்டாவாவில் 85 மில்லிமீட்டர், மோன்ட்ரியாலில் 100, அவர் அப்போது வசித்த கார்ன்வாலில் 108. கியூபெக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயரழுத்த மின்கோபுரங்கள் சரிந்தன. கனடா ராணுவத்தினர் 15,000க்கும் மேற்பட்டோர் உதவிக்கு அனுப்பப்பட்டனர். சில இடங்களில் மின்சாரம் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. மின்சாரம் இல்லாமல் பால் கறக்கும் இயந்திரம் ஓடவில்லை. கறந்த பாலையும் பதப்படுத்த வழியில்லாமல் விவசாயிகள் கீழே ஊற்றினர். மேப்பிள் தோப்புகள் முறிந்து விழுந்தன. மேசையில் இருந்த பாகு காய்ச்சுபவர் அப்போது தலையைக் குனிந்துகொண்டார். பெரியவர் புயலை விரும்பாதே என்று அவளிடம் சொல்லவில்லை. விரும்புவதைத் தனிப் பத்தியில் எழுது, கணிப்போடு கலக்காதே என்றுதான் சொன்னார்.

நமக்கு இதில் என்ன?

பனியே விழாத நாட்டில் இருந்துகொண்டு இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று கேட்கலாம். நமக்கும் வடக்கின் குளிர்காலம் வந்துசேர்கிறது. சைபீரியா, சீனப் பகுதிகளில் திரளும் குளிர்காற்று தென்சீனக் கடலைக் கடந்து வரும்போது ஈரத்தைச் சேர்த்துக்கொண்டு இங்கே அடைமழையாகிறது. 2025 ஜனவரி 10, 11 தேதிகளில் அப்படித்தான் பெய்தது. ஜனவரி மாதம் முழுவதற்குமான சராசரியைவிட அதிக மழை சாங்கியில் இரண்டே நாளில் பதிவானது. அம்மா கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு எனக்குப் படம் அனுப்பியது அந்த வாரம்தான். ஆண்டுதோறும் அதே பருவம் திரும்ப வருகிறது.

நம்மிடம் வசதிக்குக் குறைவில்லை. தீவெங்கும் தானியங்கி நிலையங்கள் உள்ளன. எந்த வட்டாரத்தில் எவ்வளவு மழை என்பதைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? மழை வரும் என்று சொல்லி வராவிட்டால் வானிலை ஆய்வகத்தைக் கேலி செய்கிறோம். சம இரவுபகல் நாளில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும், வெளியே போகாதீர்கள் என்று வரும் புரளியைப் பெரியப்பாவுக்கும் அத்தைக்கும் அனுப்புகிறோம். நம் நாட்டில் 40 டிகிரி பதிவானதே இல்லை என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை நாம் செலவிடுவதில்லை.

புரளி பொய் என்று தெரிந்ததும் அழித்துவிட்டால் முடிந்துபோகிறது என்று நினைக்கிறோம். முடிவதில்லை. அடுத்த முறை திடீர் வெள்ளம் பற்றிய உண்மையான எச்சரிக்கையை நாம் அனுப்பும்போது, அத்தை அதைப் பார்த்துச் சிரிப்பார். என் சித்தப்பா சிரித்ததைப்போல.

மாணவர்களாகிய நம்மால் செய்யக்கூடியவை சில உண்டு. ஒரு வானிலைப் படத்தைப் பகிருமுன், யார் கணித்தது, எப்போது கணித்தது, எந்த நாளுக்கு, எத்தனை விழுக்காடு உறுதி என்ற நான்கையும் கேட்கலாம். ஒன்றுக்கு விடை இல்லாவிட்டாலும் பகிர வேண்டாம். பள்ளிகளில் ஒரு மழைமானி வைத்து, தினமும் ஒரே நேரத்தில் அளந்து, மாணவர்களே குறித்து வரலாம். பெரிய செலவு இல்லை. தமிழ் வகுப்பிலேயே அந்தக் குறிப்பேட்டை எழுதினால், ஈரப்பதம், ஈரக்குமிழ், காற்றின் திசை ஆகிய சொற்கள் தேர்வுத்தாளைத் தாண்டி வாய்க்கு வரும். முக்கியமாக, தவறிய கணிப்பை வட்டமிடும் பழக்கத்தைச் சின்ன வயதிலேயே கற்றுக்கொடுக்கலாம்.

நானும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். வீவக வீட்டின் பத்தாவது மாடியில் மழைமானி வைக்க இடமில்லை. காலையில் ஜன்னல் வழியே பார்த்து, மாலையில் மழை வருமா என்று விழுக்காட்டில் எழுதுவேன். இரவில் திருத்துவேன். இதுவரை சிவப்பு வட்டங்கள்தான் அதிகம்.

சென்ற வாரம் சித்தப்பா அழைத்தார். பேரனின் அடுத்த பிறந்தநாளுக்கு மண்டபம் பார்க்கிறாராம். “பிப்ரவரியிலை புயல் வருமோ பிள்ளை?” என்று கேட்டார். கிண்டலா, உண்மையா என்று தெரியவில்லை.

“இப்போது யாராலும் சொல்ல முடியாது சித்தப்பா. மூன்று நாளுக்கு முன்னால் கேளுங்கள், உங்கள் வானிலைத் துறை சொல்வதைப் படித்துச் சொல்கிறேன்” என்றேன்.

“சரி, கேக்கிறன்” என்றார்.